உலக்கையும் இணைதண்டும்

  

வீட்டு முற்றத்தில் உந்துவண்டிப் பொறியைத் தாமே பிரித்துப் புதுக்க முனைவோர், அதன் இரண்டு உறுப்புகளை ஒன்றினின்று ஒன்று எங்ஙனம் பிரிப்பது என்பதே இன்றைய உரைப்பொருள். பட்டறையில் அவற்றைப் பிசுட்டன் என்றும் கனெக்டிங் ராடு என்றும் வழங்குகின்றனர். தமிழ் மேடையில் இதற்கு என்ன வேலை என்று முகஞ்சுளிப்பார் சிலர் இருக்கலாம். நெல் குற்றும்போது பாடுவதற்கென்றே வள்ளைப்பாட்டைக் கண்ட மொழிக்கு இஃது அயலான பொருளன்று. அது வெறும் ஒப்புமையும் அன்று. பிசுட்டன் என்னும் சொல்லின் வேரிலேயே உலக்கை இருக்கின்றது. இடித்தல், குற்றுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து இத்தாலியம் வழியாகவும் பிரெஞ்சு வழியாகவும் ஆங்கிலத்திற்கு வந்த சொல் அது. ஆங்கிலர் சிற்றுலக்கைக்கு வழங்கும் பெசுட்டில் என்னும் சொல்லும் அதே குடும்பத்தது. ஆகவே பிசுட்டனை உந்துலக்கை என்று நாம் சொன்னால், அவர்கள் மறந்துவிட்ட பொருளை நாம் நினைவூட்டுகின்றோம் என்பதே உண்மை.

பாடநூல்களிற் சில அதனை உந்துதண்டு என்று எழுதின. அது தண்டன்று. கவிழ்த்து வைத்த செம்பைப் போன்றது; மேல் மூடியும் கீழ் வாய்த்திறப்பும் உடையது. தண்டாக இருப்பது வேறோர் உறுப்பு. அதுவே இணைதண்டு. உலக்கையைத் தண்டென்று படித்த மாணவன் பொறியைத் திறந்ததும் இரண்டு தண்டுகளைத் தேடித் திகைப்பான். பெயர் பிழைத்தால் கையும் பிழைக்கும்.

உலக்கை உருளைக்குள் மேலுங்கீழுமாக ஓடுகின்றது. அதன் அடியில் வணரித்தண்டு சுழல்கின்றது. வணர்தல் என்றால் வளைதல். கிராங்கு என்பதற்கு இதனினும் பொருந்திய சொல் இல்லை. நேரோட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் இடையுறுப்பே இணைதண்டு. அதன் பெருமுனை வணரியைப் பற்றியிருக்கும். சிறுமுனை உலக்கையின் உள்ளே புகுந்திருக்கும். சிறுமுனையையும் உலக்கையையும் ஊடுருவிக் கோத்து நிற்பது ஓர் எஃகுக் குழாய். பட்டறையார் கசன் பின் என்பர். நாம் முளை என்போம். பிரிப்பு வேலை முழுதும் இந்த முளையைக் கழற்றுவதில் அடங்கியிருக்கின்றது.

எடுத்துக்காட்டாகப் பழைய புல்லட்டு 350 வண்டியைக் கொள்வோம். இங்கிலாந்தின் இரெட்டிச்சு நகரத்தில் பிறந்த அவ்வண்டியை 1955-ஆம் ஆண்டிலிருந்து சென்னையில் என்பீல்டு இந்தியா நிறுவனம் செய்தது. திருவொற்றியூர்த் தொழிலாளர் கைகளில் உருவான பொறி அது. அந்த வார்ப்பிரும்பு உருளைப் பொறி இன்று செய்யப்படுவதில்லை. ஆனால் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. உருளையின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். உலக்கை ஓடும் நீளம் 90 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 346 கனச் சென்டிமீட்டர் வரும். வணரி மணித்துளிக்கு 5000 முறை சுழலும்போது உலக்கை ஒவ்வொரு நொடியிலும் 15 மீட்டர் தொலைவை ஓடி முடிக்கின்றது. அதற்குள் நூற்றறுபது முறைக்கு மேல் நின்று திரும்பிவிடுகின்றது. அத்துணைத் திருப்பத்தின் சுமையையும் அந்தச் சிறு முளை தாங்குகின்றது.

கன்னெய்த் தொட்டியை இறக்குதலும் உருளைத்தலையைக் கழற்றுதலும் பலரும் அறிந்தவை, அவற்றை விடுவோம். உருளையை மேலே தூக்கும்போதுதான் முதல் இடர். உலக்கையின் வளையங்கள் உருளையை விட்டு வெளிவருமுன்னரே, இணைதண்டைச் சுற்றி வணரிக்கூட்டின் வாயைத் தூய துணியால் அடைத்துவிட வேண்டும். உடைந்த வளையத்துண்டோ சிறு கம்பியோ அந்த வாய்க்குள் விழுந்தால், அதை எடுப்பதற்காகப் பொறி முழுவதையும் பிளக்க நேரும். ஒரு முழத் துணியைச் செலவிட மனமின்றி ஒரு திங்கள் உழைப்பை இழந்தவர் பலர். உருளை விலகியதும் உலக்கை ஒரு பக்கம் சாய்ந்து கூட்டின் விளிம்பில் மோதும். மற்றொருவர் அதைக் கையில் ஏந்திக்கொள்வது நன்று.

அடுத்து, உலக்கையின் எந்தப் பக்கம் வண்டியின் முன்புறம் நோக்கியிருந்தது என்பதை அதன் உட்புறத்தில் குறித்துக்கொள்க. பல ஆண்டு ஓடித் தேய்ந்த உலக்கை தன் பக்கத்திற்கேற்பத் தேய்ந்திருக்கும். மாற்றிப் பூட்டினால் ஓசை எழுப்பும்.

முளையின் இரு முனைகளிலும் காடியில் அமர்ந்து அதனை நகரவிடாது காப்பவை பூட்டுவளைகள். கூர்மூக்கு இடுக்கியாலோ மெல்லிய கூர்முனைக் கம்பியாலோ ஒன்றை நெம்பினாற் போதும். இரண்டையும் எடுக்க வேண்டுவதில்லை. வளை விடுபடும்போது வில்லினின்று விடுபட்ட அம்பு போலப் பாயும். கண்ணுக்குக் காப்பு அணிந்து, மற்றொரு கையால் துளையை மூடிக்கொண்டே நெம்புக. எடுத்த வளையைத் திரும்பப் பயன்படுத்துதல் கூடாது. அதன் விலையோ மிகச் சிறிது. ஓடும்போது அது கழன்றால் முளை பக்கவாட்டில் நகர்ந்து உருளைச் சுவரை உழுது பள்ளமாக்கிவிடும்.

இப்பொழுது முளையைத் தள்ள வேண்டும். பெரும்பாலும் அது வராது. எரிந்த எண்ணெய் அரக்காகிப் பற்றியிருக்கும். காடியின் ஓரத்தில் சிறு பிசிறும் எழும்பியிருக்கும். பிசிறை முதலில் சுரண்டி நீக்குக. இந்த இடத்தில்தான் நம்மவர் சுத்தியலை எடுக்கின்றனர். சாலையோரப் பட்டறைகளில் இக்காட்சியைக் காணாதார் இலர். உலக்கையைத் தாங்காமல் முளையைப் பக்கவாட்டில் அடிக்கும்போது, அந்த அடி நேரே இணைதண்டின் மேல் விழுகின்றது. பழைய புல்லட்டின் இணைதண்டோ அலுமினியக் கலவையால் ஆனது. சிறிது வளைந்தாலும் உலக்கை உருளையில் நேராக நில்லாது; ஒரு பக்கமாக உராய்ந்து தேயும். வளைத்தவர் கண்ணுக்கு அவ்வளைவு தெரிவதில்லை. சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து உருளையை மாற்றும்போது பழியை எண்ணெயின்மேல் போடுவர்.

சுத்தியலுக்கு மாற்று வெந்நீர். உலக்கை அலுமினியக் கலவை, முளை எஃகு. ஒரே அளவு சூட்டில் அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். 20 மில்லிமீட்டர்த் துளை 70 பாகை சூடேறினால் ஏறத்தாழ நூற்றில் மூன்று பங்கு மில்லிமீட்டர் அகலும். தலைமயிரின் பருமனிலும் குறைவு, எனினும் போதும். கொதிநீரில் நனைத்துப் பிழிந்த துணியை உலக்கையின்மேல் சுற்றி, இரண்டு மூன்று முறை மாற்றுக. வீட்டில் துணி தேய்க்கும் மின்பெட்டியை உலக்கையின் தலைமேல் சில மணித்துளிகள் வைத்தலும் உண்டு; வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு செய்வது நலம். தீச்சுடர் மட்டும் வேண்டா. கன்னெய் ஆவி அருகில் இருக்கும். ஒரே இடத்தில் படும் கடுஞ்சூடு உலக்கையின் வடிவையும் கெடுக்கும். சூடேறியதும் கைத்துணியோடு உலக்கையைப் பற்றி, முளையைவிடச் சற்றே சிறிய மரக்குச்சியால் அழுத்தினால், நேற்றுவரை அசையாதது இன்று விரலுக்கு வரும்.

அதற்கும் வராவிடில் இழுகருவி செய்துகொள்ளலாம். முளையின் குழாய்க்குள் புகும் நீண்ட மரையாணி ஒன்று, முளை வந்து விழத்தக்க அகலமுள்ள குழாய்த்துண்டு ஒன்று, இருபுறமும் தட்டைவளையங்கள், ஒரு நட்டு. நட்டை முறுக்க முறுக்க முளை குழாய்த்துண்டுக்குள் இழுக்கப்படும். அடி இல்லை, தண்டின்மேல் பக்கச்சுமையும் இல்லை. குழாய்த்துண்டு உலக்கையில் படும் இடத்தில் துணி வைத்தால் கீறலும் விழாது.

எல்லாப் பொறிகளும் இவ்வாறு எளிதில் இணங்குவன அல்ல. பிரித்தானிய பி.எம்.சி. நிறுவனத்தின் பி வரிசைப் பொறிகளுள் முந்தியவற்றில், இணைதண்டின் சிறுமுனை பிளவுபட்டு, ஓர் ஆணியால் முளையை இறுகக் கவ்வியிருக்கும். ஆணியை முழுதும் கழற்றாமல் முளையைத் தள்ளுவது வீண். மகிழுந்துப் பொறிகள் பலவற்றில் பூட்டுவளையே இராது. சிறுமுனைத் துளையினும் முளை நூலளவு பெரிதாகச் செய்யப்பட்டு, இறுக்கத்தாலேயே நிற்கும். அதனை அழுத்துபொறியும் உரிய தாங்கியும் உள்ள பட்டறையிற் கொடுத்தே பிரிக்க வேண்டும். அதில் இழுக்கு ஒன்றும் இல்லை. பல உருளைப் பொறிகளில் உலக்கை, முளை, தண்டு, தண்டின் பெருமுனை மூடி ஆகியவற்றுக்கு உருளை எண் இட்டு வைத்தல் கட்டாயம். பெருமுனையும் மூடியும் ஒன்றாகச் சேர்த்தே துளையிடப்பட்டவை. ஒன்றின் மூடி மற்றொன்றிற்குப் பொருந்தாது.

மீண்டும் புல்லட்டுக்கு வருவோம். உலக்கை கையில் வந்தபின் தண்டு வணரிக்கூட்டில் நின்றுகொண்டிருக்கும். தூய்மை செய்து எண்ணெயிட்ட முளையைச் சிறுமுனைத் துளையிற் செருகிப் பார்க்க. பெருவிரலால் தள்ளினால் வழுக்கிச் செல்ல வேண்டும். மேலுங்கீழும் ஆடக் கூடாது. பிறகு வணரியை மேல்நிலையிற் கொணர்ந்து தண்டை நேராக மேலே தூக்கியும் கீழே அழுத்தியும் பார்க்க. பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பு. மேலுங்கீழும் டக்கென்ற உணர்வு கைக்குத் தெரிந்தால் பெருமுனை தேய்ந்துவிட்டது. அப்பொழுது உலக்கையை மட்டும் புதுக்கிப் பூட்டுவது காசைக் கரியாக்குவதாகும். கூட்டைப் பிளக்கத்தான் வேண்டும்.

திரும்பக் கோக்கும்போது வரிசை தலைகீழாகும். துணி வாயை அடைத்தபடியே இருக்கட்டும். உலக்கையைச் சூடேற்றி, எண்ணெயிட்ட முளையைத் தள்ளி, புதிய பூட்டுவளைகளை இருபுறமும் காடியில் அமர்த்துக. வளையின் வாய் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ நிற்கட்டும். பக்கவாட்டில் நிற்க வேண்டா. நெம்புவதற்கென வெட்டிய பள்ளத்தின் நேரேயும் அது நிற்கக் கூடாது. அமர்ந்ததா என்பதைக் கண்ணால் மட்டும் முடிவு செய்யாமல், கூர்முனையால் மெல்லத் தள்ளிச் சுழற்றிப் பார்த்து, அதன்பின் துணியை எடுக்க.