மாலி நாட்டின் மண் கோபுரங்கள்

புராதனச் சின்னம் என்றவுடன், மழைக்கும் வெயிலுக்கும் அசையாது நிற்கும் கருங்கல் கட்டிடமே பெரும்பாலும் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால், கவனிப்பாரற்று விட்டால் சில மழைக்காலங்களிலேயே கரைந்து போகக்கூடிய வெறும் மண்ணைக் கொண்டு கோபுரங்களை எழுப்பி, அவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் ஜனங்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி என்னும் தேசத்தில் வாழ்கிறார்கள். அவர்களுடைய ஸ்தலங்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நைஜர் நதியும் அதன் உபநதியான பானியும் ஆண்டுதோறும் கரைபுரண்டு பரவும் சமவெளியில், வெள்ளக் காலத்தில் தீவாகிவிடும் ஒரு மேட்டின்மேல் அமைந்தது ஜென்னே நகரம். அங்கே, பழைய பள்ளிவாசல் இருந்த இடத்திலேயே 1907-ஆம் ஆண்டில் மீண்டும் கட்டி முடிக்கப்பட்ட பெரிய பள்ளிவாசல், உலகத்து மண் கட்டிடங்களுள் தலையாயதாகப் போற்றப்படுகிறது. வெள்ளம் கொணர்ந்து சேர்த்த வண்டலோடு நெல் உமியையும் தவிட்டையும் கலந்து, நாட்கணக்கில் ஊறவிட்டுப் புளிக்கச் செய்து, சிறுவர்கள் அதில் இறங்கி மிதித்துக் குழைத்த சேறுதான் அதன் பூச்சு. மழைக்கு முன்பாக ஒரு நாள் விடியற்காலையில், பேட்டைக்குப் பேட்டை போட்டியிட்டு வாலிபர்கள் கூடை கூடையாகச் சேற்றைச் சுமந்து ஓடிவர, பெண்கள் குடங்களில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற, நம் பனைக்கு உறவான ஆப்பிரிக்கப் பனையின் கட்டைகள் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பதையே சாரமாகக் கொண்டு கொத்தனார்கள் மேலேறி, வெறுங்கையால் சுவர் முழுவதையும் பூசி முடிக்கிறார்கள். அந்நகரத்துக் குடும்பங்களுக்குப் பரம்பரைக் கொத்தனார்கள் உண்டு; வித்தை குருவிடமிருந்து சீடனுக்குக் கைவழியாகவே வருகிறது.

கிழக்கே பாண்டியகரா என்னும் செங்குத்தான பாறைச் சரிவு சுமார் 150 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. டெல்லெம் என்ற முற்கால மக்கள் அதன் குகைகளில் தானியக் களஞ்சியங்களையும் கல்லறைகளையும் அமைத்தார்கள். பின்னர் வந்த டோகோன் மக்கள் அடிவாரத்தில் மண் வீடுகளைக் கட்டினார்கள். மலையையும் மனிதன் கைவேலையையும் பிரித்துக் காண இயலாத அந்தப் பிரதேசத்தை, இயற்கைச் செல்வமாகவும் கலாசாரச் செல்வமாகவும் ஒருங்கே மதித்து, யுனெஸ்கோ 1989-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

வடக்கே பாலைவனத்தின் விளிம்பில் உள்ள திம்பக்டுவோ, வித்வான்களும் கையெழுத்துச் சுவடிகளும் நிறைந்த கல்வி க்ஷேத்திரமாக விளங்கியது. 2012-ஆம் ஆண்டில் ஆயுதம் தாங்கிய தீவிரவாதிகள் அந்நகரத்து மகான்களின் சமாதிகளை இடித்துத் தள்ளினார்கள். அந்தக் குற்றத்துக்காக ஒருவனுக்குச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2016-இல் ஒன்பது ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அதற்கு முன்பே, 2015-க்குள், அவ்வூர்க் கொத்தனார்கள் தங்கள் பழைய முறை மாறாமல் அந்தச் சமாதிகளை மீண்டும் எழுப்பிவிட்டார்கள். வித்தை உயிரோடிருந்தபடியால் அல்லவா அது சாத்தியமாயிற்று?

ஆயினும், கலகமும் வறுமையும் மாலியை விட்டு இன்னும் அகலவில்லை. ஜென்னே நகரம் 2016-இல் யுனெஸ்கோவின் அபாயத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இச்சின்னங்களைக் காக்க உலகம் மெய்யாகவே விரும்பினால், சுவருக்குச் செலவிடுவதற்கு முன்னதாக, அந்தச் சுவரைப் பூசத் தெரிந்த மனிதனுடைய ஜீவனத்தையும், அவனுக்கு மண் தரும் நதியின் போக்கையும், அவன் பக்கத்தில் நின்று தொழில் கற்கும் இளைஞனின் நம்பிக்கையையும் காக்க வேண்டும். அவை மூன்றும் நிலைத்தால், இடிந்ததை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுப்பிக்கொள்ள அந்த ஜனங்களுக்குத் தெரியும்.