மேடையில் யாருக்கு இடம்?

(பங்கின் பொன்விழாக் கலைநிகழ்ச்சியைத் தொடங்கிவைத்துப் பங்குத்தந்தை ஆற்றிய உரை)

 

பிள்ளைகள் வேடம் போட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள். ஆகையால் நீண்ட பிரசங்கம் செய்து உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டேன். காலைத் திருப்பலியில் வேண்டிய மட்டும் பேசிவிட்டேன். இப்போது ஓர் இசை விழாவைப் பற்றி மட்டும் சொல்லி முடித்துக்கொள்கிறேன். திருவையாற்றில் ஆண்டுதோறும் நடக்கும் தியாகராஜர் ஆராதனைதான் அது.

நான் குருமடத்தில் படித்த நாட்களில், எங்களுக்கு இசை கற்பித்த சுவாமி ஒரு தை மாதம் எங்களில் நால்வரை அங்கே அழைத்துப் போனார். காவிரிக் கரையில் பெரிய பந்தல். "சீட்டு எவ்வளவு சுவாமி?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். அங்கே கேட்பவனுக்குச் சீட்டும் இல்லை. பாடுபவருக்குச் சன்மானமும் இல்லை.

முதலில் நாதசுரம் முழங்கியது. பிறகு நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் ஐந்து இராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கீர்த்தனைகள். வானொலியில் பெயர் கேட்டிருந்த பெரிய வித்துவான்களும், பாட்டுப் பழகத் தொடங்கிய சிறுமிகளும் ஒரே தரையில் உட்கார்ந்து ஒரே குரலாகப் பாடினார்கள். அதன்பின் வாய்ப்பாட்டு, வீணை, புல்லாங்குழல் என்று ஒருவர் மாற்றி ஒருவர் வந்தார்கள். பெரியவரானாலும் புதியவரானாலும் சில நிமிடங்களே. "எவ்வளவு அழகான ஒற்றுமை!" என்று வியந்தேன்.

திரும்பும் வழியில் பேருந்தில் சுவாமி சொன்னார்: "தம்பி, அந்த ஒற்றுமை தானாக வந்ததல்ல."

தியாகராஜர் 1847 ஜனவரி 6ஆம் நாள் திருவையாற்றில் காலமானார். தமிழ் மண்ணில் வாழ்ந்து தெலுங்கில் பாடிய மகான் அவர். காலப்போக்கில் அவருடைய சமாதி கவனிப்பாரற்றுப் போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீடர் பரம்பரையினர் ஆராதனையை விழாவாக நடத்தத் தொடங்கினார்கள். ஆனால் விரைவிலேயே பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிரிந்தார்கள். ஒரே மகானுக்கு இரண்டு விழா! இரண்டு கட்சிக்கும் ஒன்றில் மட்டும் ஒற்றுமை இருந்தது: பெண்கள் அங்கே பாடக்கூடாது.

அப்போதுதான் பெங்களூர் நாகரத்தினம்மாள் வந்தார். 1878இல் பிறந்தவர், தேவதாசி குலத்தவர், சென்னையில் பாடிப் பெரும் புகழும் பொருளும் ஈட்டியவர். சமாதி கிடந்த நிலையை அறிந்து மனம் நொந்து, தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு அங்கே கோயில் எழுப்பினார். 1925இல் அது குடமுழுக்குக் கண்டது. கோயில் கட்டியவர் அவர். ஆனால் அங்கே பாட அவருக்கு இடம் இல்லை! அவர் ஓய்ந்துவிடவில்லை. பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். 1940-41ஆம் ஆண்டுவாக்கில் மூன்று தரப்பும் ஒன்றாயின. எல்லாரும் சேர்ந்து பஞ்சரத்தினம் பாடும் வழக்கம் நிலைபெற்றதும் அக்காலத்தில்தான். அந்த அம்மையார் 1952இல் காலமானார். தியாகராஜர் சமாதிக்கு அருகிலேயே அவருடைய சமாதியும் இருக்கிறது.

பின்னர் 1960களில் ஜான் ஹிக்கின்ஸ் என்னும் அமெரிக்கர் வந்து அதே விழாவில் பாடினார். மக்கள் அவரை "ஹிக்கின்ஸ் பாகவதர்" என்றே அழைத்தார்கள். உள்ளூர்ப் பெண்ணுக்கே திறவாதிருந்த கதவு, கடல் கடந்து வந்தவருக்கும் திறந்தது.

நிற்க. இதை இன்று நான் ஏன் சொல்லுகிறேன்?

இரண்டு மாதங்களுக்கு முன் விழாக் குழுவினர் இந்த மேடைக்கான நிகழ்ச்சி நிரலைக் கொண்டுவந்தார்கள். நகரத்திலிருந்து மெல்லிசைக் குழு, பாடகர் குழு, பள்ளிப் பிள்ளைகளின் நடனம் எல்லாம் இருந்தன. நம் தெற்குத் தெருப் பறைக் குழு இல்லை. "அவர்கள்தான் தேருக்கு முன்னால் அடிப்பார்களே, மேடை எதற்கு சுவாமி?" என்று ஒருவர் சொன்னார். நானும் தலையாட்டிக் கையெழுத்திட்டேன். ஐம்பது ஆண்டுகளாக நம் தேருக்கு முன்னால் நடந்தவர்கள் அவர்கள். இந்தக் கோயில் கட்ட மண் சுமந்தவர்கள் அவர்களுடைய தாய்மார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பேருந்தில் சுவாமி சொன்னது காதில் விழுந்துகொண்டே இருந்தது. கோயில் கட்டியவருக்கு இடம் மறுத்தவர்களைக் குறைசொன்ன நான், என் பங்கில் செய்தது என்ன?

திருவையாற்றிலும் எல்லாருக்கும் இடம் கிடைத்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பந்தலில் நான் பறை கேட்கவில்லை. வாசல் ஒருமுறை திறந்தால் போதாது. ஒவ்வொரு தலைமுறையும் அதைத் திறந்து வைக்க வேண்டியிருக்கிறது.

மறுநாள் தெற்குத் தெருவுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர்களில் மூத்தவர், "நாங்க கேக்கல சாமி, நீங்களா வந்தீங்க, அது போதும்" என்றார். அந்தச் சொல் என்னை இன்னும் சுடுகிறது.

பெரியோர்களே, இன்று இந்த மேடையின் முதல் நிகழ்ச்சி அவர்களுடையது. மெல்லிசைக் குழுவினரும் மனமுவந்து இசைந்தார்கள். இறுதிப் பாட்டுக்குப் பறையும் கூட வேண்டும் என்று அவர்களே கேட்டிருக்கிறார்கள்.

தெற்குத் தெருப் பிள்ளைகளே, மேடைக்கு வாருங்கள். பங்கு மக்களே, எழுந்து நின்று கைதட்டி அவர்களை வரவேற்போம். இறை ஆசீர் நம் எல்லாரோடும் இருப்பதாக!