ஆயிரம் நாள் காவல்



இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1940-இல், பிரித்தானிய அரசு சருக்கரையைப் பங்கீட்டுக்குள் கொணர்ந்தது. 1953-இல் அக்கட்டினை நீக்கிற்று. நீங்கியவுடன் மக்கள் உண்ட சருக்கரை ஏறத்தாழ இருமடங்காயிற்று.

அதன் முன்னும் பின்னும் பிறந்தோரை, அகவை முதிர்ந்தபின் ஒப்பிட்ட ஆய்வு 2024-இல் வெளிவந்தது. கருவில் தோன்றியது தொடங்கி ஆயிரம் நாளும் பங்கீட்டுக் காலத்திற் கழித்தோர்க்கு, நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 35 விழுக்காடும், குருதிக்கொதிப்பு வரும் வாய்ப்பு 20 விழுக்காடும் குறைந்திருந்தன.

ஆதலின், சேனை தொடுதல் என்று மகவின் நாவில் சருக்கரைநீர் தடவுதலை விடுமின்! பனைவெல்லம் நம் மண்ணின் விளைவே. ஆயினும் குருதியிற் கலந்தபின் அதுவும் சருக்கரையே. மண்பற்று உடற்கூற்றை மாற்றாது. மகவுக்கு முதலில் ஊட்டவேண்டிய இனிமை தாய்ப்பாலும் தாய்மொழியுமே!