தகரப் பெட்டியும் கைத்தொலைபேசியும்

தோட்டத்து லயங்களில் வாழ்ந்த பல குடும்பங்களில் ஒரு தகரப் பெட்டி இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவு, ஊழியர் சேமநிதிக் கணக்குத் தாள், 1960ஆம் ஆண்டில் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம் எல்லாம் அதற்குள் இருக்கும். சாவி அம்மாவின் முந்தானையில் முடிந்திருக்கும். பெட்டியை யார் திறக்கலாம், உள்ளே இருப்பதை யாருக்குக் காட்டலாம் என்பதை அந்த வீட்டாரே முடிவு செய்தார்கள்.

இன்று குடும்பம் ஒரே லயத்தில் இல்லை. தாய் தந்தையர் குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் இருப்பார்கள். மூத்த மகன் மாசாயில் இருப்பான். இளையவன் நாள்தோறும் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவான். மகள் சிகாமாட்டில் வாழ்க்கைப்பட்டிருப்பாள். அம்மா திடீரென்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், தேவையான தாள் ஒருவரிடமும், அதைக் கேட்கும் முகப்பின் முன்னால் நிற்பவர் இன்னொருவராகவும் இருப்பார்கள்.

வெள்ளத்தையும் எண்ணிப் பாருங்கள். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி அடுத்தடுத்து இரண்டு முறை நீரில் மூழ்கியது. 2023 மார்ச்சில் சிகாமாட், பத்து பகாட், குளுவாங் வட்டாரங்களில் ஆயிரக்கணக்கானோர் துயர் துடைப்பு மையங்களில் தங்க நேர்ந்தது. வெள்ளம் வரும்போது பிள்ளையைத் தூக்குவோமா, பெட்டியைத் தூக்குவோமா? பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளிச் சேர்க்கையிலும் அடையாளக் கார்டு எடுப்பதிலும் பட்ட அல்லல் நம் மக்களுக்குப் புதிதல்ல. ஆகவே முக்கியமான தாள்களைப் படம் எடுத்து, குடும்பத்தாருக்குக் கிடைக்கும்படி வைப்பது நல்ல பழக்கம். கேள்வி என்னவென்றால், அதை எங்கே வைப்பது என்பதுதான்.

நம்மில் பலர் உடனே செய்வது, படத்தைப் புலனக் குழுவில், அதாவது வாட்ஸ்அப் குழுவில், போட்டுவிடுவது. புலனத்தில் அனுப்பும் செய்திகள் 2016ஆம் ஆண்டு முதல் மறையாக்கம் செய்யப்பட்டுப் போகின்றன. வழியில் யாரும் பிரித்துப் படிக்க முடியாது. அது உண்மைதான். ஆனால் நன்றாக ஒட்டிய கடிதமும் போய்ச் சேர்ந்த இடத்தில் பிரிக்கப்படுகிறது அல்லவா? சொந்தக்காரர் குழுவில் எண்பது பேர் இருந்தால், அந்தப் படம் எண்பது கைத்தொலைபேசிகளுக்குப் போகும். ஒருவர் தம் பழைய தொலைபேசியை விற்பார். இன்னொருவர் பிள்ளையிடம் விளையாடக் கொடுப்பார். மற்றொருவர் நல்லெண்ணத்தோடு வேறு குழுவுக்கு அனுப்பிவைப்பார். அனுப்பியதை எல்லாரிடமிருந்தும் அழிக்கும் வசதி புலனத்தில் உண்டு. ஆனால் அதற்கு இரண்டு நாளுக்குச் சற்று அதிகமான அவகாசமே உண்டு. அதற்குள் ஒருவர் தனியாகச் சேமித்துக்கொண்ட படத்தை அது அழிக்காது.

‘அடையாளக் கார்டில் அப்படி என்ன இரகசியம்?’ என்று சிலர் கேட்பார்கள். அதன் எண்ணைக் கவனியுங்கள். மொத்தம் பன்னிரண்டு இலக்கங்கள். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாள். அடுத்த இரண்டு இலக்கங்கள் பிறந்த இடம். 01 என்றால் ஜொகூர். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். இத்தோடு பெயரும் முகவரியும் முகமும் ஒரே படத்தில் கிடைத்தால், நம் பெயரில் கடன் கேட்கவோ, நம்மை மிரட்டிப் பணம் பறிக்கவோ முயல்பவனுக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

அப்படியானால் என்ன செய்யலாம்? சாவி நம் கையிலேயே இருக்கும் ஓர் இடம் வேண்டும். கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பகம் அதற்கு உதவும். கூகுள் கணக்கு வைத்திருப்பவருக்கு 15 கிகாபைட் வரை கட்டணமில்லாமல் இடம் கிடைக்கிறது. குடும்பத் தாள்களின் படங்களுக்கு அது தாராளமாகப் போதும்.

முதலில், குடும்பத்தில் விவரம் தெரிந்த ஒருவர் தம் கணக்கில் ஓர் உறையைத் திறக்க வேண்டும். அதில் தாள்களின் படங்களைத் தெளிவாகப் பெயரிட்டு வைக்க வேண்டும்.

இரண்டாவதாக, பார்க்க வேண்டியவர்களின் மின்னஞ்சல் முகவரியை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ‘இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம்’ என்ற வழியைத் தேர்ந்தெடுத்தால், அது பெட்டியைத் திறந்து வாசலில் வைத்ததற்குச் சமம். அந்த இணைப்பு யார் கைக்குப் போனாலும் அவர் பார்த்துவிடலாம். ‘ரெஸ்டிரிக்டட்’ என்ற வழியில் வைத்தால், நாம் பெயர் சேர்த்தவர் மட்டுமே உள்ளே வர முடியும்.

மூன்றாவதாக, எல்லாருக்கும் ‘வியூவர்’ என்ற பார்வையிடும் உரிமை மட்டும் கொடுங்கள். ‘எடிட்டர்’ உரிமை பெற்றவர் மாற்றவும் நீக்கவும் முடியும். அது ஒருவருக்கோ இருவருக்கோ இருந்தால் போதும்.

நான்காவதாக, கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். கடவுச்சொல் திருடப்பட்டாலும் இன்னொரு பூட்டு இருக்கும். தொலைபேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணை யார் கேட்டாலும், அண்ணன் குரலில் கேட்டாலும், சொல்லாதீர்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை, தீபாவளிக்கு வீடு கூடும்போது, உறையைப் பார்க்கும் உரிமை யார் யாருக்கு இருக்கிறது என்று பாருங்கள். தேவையில்லாதவரின் பெயரை நீக்கிவிடலாம். புலனக் குழுவில் போட்ட படத்துக்கு இந்த வசதி இல்லை. ஆனால் அவர் முன்பே இறக்கிக்கொண்ட படம் அவரிடம் இருக்கும். எனவே சேர்க்கும்போதே யோசித்துச் சேர்ப்பதுதான் முக்கியம்.

இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். வங்கிக்கோ கடைக்கோ அடையாளக் கார்டின் நகலைக் கொடுக்கும்போது குறுக்கே இரண்டு கோடு இட்டு, இன்ன தேவைக்கு மட்டும் என்று எழுதித் தருகிறோம். படமாக அனுப்பும்போதும் அப்படியே எழுதி, அதன் பிறகு படம் எடுத்து அனுப்புங்கள். அடுத்து, படம் ஒருபோதும் அசல் ஆகாது. அசலை நீர் புகாத பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்துங்கள். அசல் தொலைந்தால், பதிவு எண் தெரியும் படம் ஒன்று கையில் இருப்பது தேசியப் பதிவுத் துறையில் மறுபடி விண்ணப்பிக்கும் வேலையை எளிதாக்கும்.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகும் யாராவது ஏமாற்றிப் பணம் பறித்துவிட்டால், வெட்கப்பட்டு மூடி மறைக்க வேண்டாம். உடனே உங்கள் வங்கியையோ, 997 என்ற எண்ணையோ அழையுங்கள். 2022ஆம் ஆண்டில் மோசடிப் புகார்களுக்காகவே அமைக்கப்பட்ட தேசிய மையத்தின் எண் அது. எவ்வளவு விரைவாக அழைக்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு.

பிள்ளைகளுக்கு ஒரு சொல். பெட்டியில் உள்ளவை உங்கள் தாய் தந்தையரின் தாள்கள். படம் எடுப்பதற்குமுன் அவர்களிடம் கேளுங்கள். யார் யார் பார்க்கப் போகிறார்கள் என்பதைச் சொல்லுங்கள். மின்னஞ்சல் தெரியாது என்பதற்காக அவர்களிடமிருந்து சாவியைப் பறித்துவிடாதீர்கள். அந்தச் சாவி இத்தனை காலம் அம்மாவின் முந்தானையில் பத்திரமாக இருந்தது. இனி அதைக் காக்கும் பொறுப்பில் நீங்களும் பங்குகொள்ளுங்கள்.