அளவீடே அடித்தளம்: புரதப் படிகவியல் மாநாட்டுத் தலைமை உரை



1934ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் ஜே. டி. பெர்னாலும் டொரத்தி குரோஃபுட்டும் பெப்சின் படிகத்தின் மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சினார்கள். உலர்ந்த புரதப் படிகங்கள் அதற்குமுன் தெளிவான படம் தந்ததில்லை. இவர்களோ படிகத்தை, அது வளர்ந்த கரைசலின் ஈரம் காயாமல், மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்து வைத்தார்கள். ஃபிலிமில் கூர்மையான புள்ளிகள் விழுந்தன. புரத மூலக்கூறுக்குத் திட்டமான அணு அமைப்பு உண்டு என்பதற்கு அதுவே வலுவான முதல் சான்று.

புள்ளிகளிலிருந்து வடிவத்தைப் பெற மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. ஃபிலிம் கதிர்களின் செறிவை மட்டுமே பதிகிறது. அலைகள் எந்தக் கட்டத்தில் வந்து சேர்ந்தன என்பது அதில் பதிவதில்லை. கட்டம் தெரியாவிட்டால் எலெக்ட்ரான் அடர்த்தியைக் கணக்கிட வழியில்லை. 1953இல் மாக்ஸ் பெருட்ஸ் ஹீமோகுளோபினில் பாதரச அணுக்களைச் சேர்த்தார். படிக அமைப்பு குலையவில்லை. புள்ளிகளின் செறிவு மட்டும் மாறியது. அந்த மாற்றத்தை அளந்தபோது கட்டம் பிடிபட்டது. அதே வழியில் ஜான் கெண்ட்ரூவின் குழு மயோகுளோபினின் வடிவத்தை 1958இல் வெளியிட்டது. சீரான ஒழுங்கை எதிர்பார்த்திருந்தவர்களுக்கு, தாறுமாறாக மடிந்த ஒரு சங்கிலி காட்சி தந்தது. இருவருக்கும் 1962இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதே காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனின் முச்சுருள் அமைப்பை முன்வைத்தார்கள். அதில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருப்பதாக ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் மறுப்புத் தெரிவித்தார்கள்.

ராமச்சந்திரன் அதற்கான விடையை அளவீடுகளிலேயே தேடினார். அதுவரை வெளியான படிக அமைப்புகளைத் திரட்டி, அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்று கணித்தார். சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோரோடு சேர்ந்து, புரதச் சங்கிலியின் இரு திருப்புக் கோணங்கள் எந்த எல்லைக்குள் அமையும் என்பதை 1963இல் வரைந்து காட்டினார். ராமச்சந்திரன் வரைபடம் என்று உலகம் அறிந்த அந்தச் சோதனையில் தேறுகிறதா என்று பார்க்காமல் இன்று எந்தப் புரத மாதிரியையும் யாரும் ஏற்பதில்லை. ஒரு மறுப்பை அளவீட்டால் எதிர்கொண்டதன் பலன் அது.

இன்று ஆல்ஃபாஃபோல்டு என்னும் மென்பொருள், அமினோ அமில வரிசையைக் கொண்டே வடிவத்தைக் கணிக்கிறது. அதை உருவாக்கியவர்கள் 2024இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். மகத்தான சாதனைதான். ஆனால் அந்த மென்பொருள் பாடம் கற்றது புரதத் தரவு வங்கியில். 1971இல் ஏழே அமைப்புகளோடு தொடங்கிய அந்த வங்கியில் இப்போது இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவை உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை படிகவியல் தந்தவை. கணிப்பு நல்ல கருதுகோள். ஒரு மருந்து மூலக்கூறு நொதியின் எந்த மூலையில் எப்படிப் பொருந்துகிறது என்பதை உறுதி செய்யச் சோதனை வேண்டும்.

ஆகவே, கட்டுரை வாசிப்போர் வண்ண மாதிரிப் படத்தோடு நிறுத்தாமல், எலெக்ட்ரான் அடர்த்தி வரைபடத்தையும் திரையில் காட்ட வேண்டும். பகுதிறன் என்ன, கட்டம் எவ்வாறு கிடைத்தது, மருந்து இருப்பதாகச் சொல்லும் இடத்தில் அடர்த்தி உண்மையிலேயே தெரிகிறதா என்ற கேள்விகளை மாணவர்கள் தயங்காமல் எழுப்ப வேண்டும். ஒவ்வோர் அமர்விலும் அவர்களுக்கு முதலில் நேரம் ஒதுக்குமாறு அமர்வுத் தலைவர்களைக் கேட்டுக்கொண்டு, இம்மாநாடு தொடங்கி வைக்கப்படுகிறது.