கடல் காக்கும் தேவியர்



தெய்வம் நம்மைக் காக்கின்றது. அக்காவலுக்கு நாம் செலுத்தத்தக்க கைம்மாறு யாது? ஜப்பானிய ஷிண்டோ நெறியார் இதற்கு ஒரு தீவில் விடை பகர்ந்துள்ளனர்.

கியூஷூவின் வடகரையில் முனகதா என்னும் தலத்துக்குரிய தேவியர் மூவர். அவருள் தகோரிஹிமே, கரைக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் அப்பால், ஒகினோஷிமா என்னும் தனித்தீவில் வீற்றிருக்கிறாள். கொரியாவுக்கும் சீனாவுக்கும் மரக்கலம் செல்லும் வழி அது. கடற்பயணம் இனிது முடிதல் வேண்டி, 4ஆம் நூற்றாண்டு முதல் 9ஆம் நூற்றாண்டு வரை, அத்தீவின் பாறைகளிடையே வெண்கலக் கண்ணாடிகளும் பொன் மோதிரமும் படைத்து வழிபட்டனர்.

1954இல் தொடங்கிய அகழாய்வுகளில் அக்காணிக்கைகள் ஏறத்தாழ 80,000 கிடைத்தன. இன்று அவை தேசியச் செல்வமாகப் போற்றப்படுகின்றன. பூட்டும் மதிலும் இல்லாத தீவில் இத்தனை பொருள் எஞ்சியது எவ்வாறு? சிறு குச்சியையும் அங்கிருந்து எடுத்தல் ஆகாது; கண்டதைப் புறத்தே உரைத்தலும் ஆகாது என்பது அத்தலத்து நியமம். அர்ச்சகரும் கடலில் நீராடிய பின்னரே தீவினுள் புகுவார்.

மூவருள் மற்றொருத்தியாகிய இச்சிகிஷிமாஹிமேயைப் பிற்காலத்தார் பென்சைத்தென் என்னும் தேவியோடு ஒன்றாகக் கருதினர். பென்சைத்தென், பௌத்தத்தின் வழியே அந்நாடு சென்ற நம் கலைமகளே.

அன்பர்களே! கடலோடிகளைத் தேவி காத்தாள். தேவியின் உடைமையை மக்கள் காத்தனர். திருப்பணிக்குப் பொருள் ஈந்த நமக்கும் ஈதலோடு கடமை முடிவதில்லை. ஈந்ததை இறைவனுடையதென்றே எண்ணித் தலைமுறை தலைமுறையாகக் காத்தலே நிறைவான காணிக்கையாகும்.