ரவுடிக்கு எத்தனை பேர்!



ஜப்பான் ரவுடிக்கு 'யாகுசா' என்று பேர். எட்டு, ஒன்பது, மூன்று. சீட்டாட்டத்தில் கூட்டினால் 20. கடைசி இலக்கம் பூஜ்யம், உதவாத கை! போலீஸ் சொல்வது 'போரியோகுதான்', வன்முறைக் கும்பல். அவர்களோ தங்களை வீரதர்மச் சங்கம் என்கிறார்கள். நம்ம 'தாதா'வும் மராத்தியில் அண்ணன்தானே.

1992-இல் அங்கே அமலான சட்டம் கும்பலுக்குப் பட்டம் கட்டுகிறது. நம் 1982 குண்டர் சட்டம் (பருமனானவர்களுக்கு அல்ல, பயப்படாதீர்கள்) ஆளுக்கே கட்டுகிறது. 2004-இல் திருட்டு வி.சி.டி. போட்டவரும் அதில் வந்தார். விசாரணையில்லாமலே 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம்.

வாணியம்பாடி டீக்கடையில் ஒரு பையனை 'ரவுடி' என்றால் சாயங்காலம் மறந்துபோகும். ஸ்டேஷன் பட்டியலில் ஏறினால் லேசில் இறங்காது. குண்டர் சட்டத்தில் பிடித்தால் 3 வாரத்துக்குள் அறிவுரைக் கழகத்தின் முன் வைத்தாக வேண்டும். வந்திருக்கும் வக்கீல் அண்ணன்மார் இதை மாணவர்களுக்கு ஒருமணி நேரம் விளக்கினால் நல்லது.